காங்கேசன்துறையில் மறுபடி சூளை எரிய வேணுமா?

வலிவடக்கான்

கைத்தொழில் வலயம் எண்ட கதையில பரந்தன், மாங்குளத்தோட காங்கேசன்துறையும் அடிபடுது. வலயத்துக்குள்ள என்ன வரவேணும் எண்டு ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லுகினம். என்ரை பக்கம் இது: சூளையோட கூடின முழுச் சீமெந்துத் தொழிற்சாலை அங்கை திரும்ப வரவேணும்.

1950இல அந்த இடத்தைத் தெரிஞ்சது காரணத்தோடதான். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சரா இருந்த காலம் அது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு ஆனையிறவு உப்பு, வாழைச்சேனைக் காகித ஆலைக்கு வைக்கோல், காங்கேசன்துறைக்குக் காலுக்குக் கீழை சுண்ணக்கல். முன்னுக்குத் துறைமுகம், பின்னுக்குக் கோச்சி (ரயில்) பாதை.

கணக்கு இதுதான். சூளையில சுட்டு எடுக்கிற கட்டிதான் கிளிங்கர், அதை அரைச்சால் சீமெந்து. ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒண்டரைத் தொன் மூலப்பொருள் வேணும். அதில 1.2 தொடக்கம் 1.25 தொன் வரை சுண்ணக்கல், மிச்சம் களிமண். சூட்டில கல்லின்ரை எடையில 44 வீதம் கரியமிலவாயுவாப் போயிடும், அதாலதான் இவ்வளவு கல்லு. எங்கடை கல்லில சுண்ணாம்பு நிறைய, சிலிக்கா மெத்தக் குறைவு. அதுக்குத்தான் மன்னார்ப் பக்கம் முருங்கனில இருந்து களி மண்ணைக் கோச்சியில கொண்டுவந்தவை. மடு, மதவாச்சி, வவுனியா எண்டு சுத்தி வந்த மண் அது. இப்ப சங்குப்பிட்டிப் பாலம் 2011இல திறந்தாப் பிறகு பூநகரிப் பாதையால நேரை கொண்டுவரலாம். வருசம் 10 லட்சம் தொன் கிளிங்கருக்கு 3 லட்சம் தொன் களி. 20 தொன் லொறியில நாளுக்கு 50 நடை.

1990 ஜூனில ஆலை நிண்டது. இயந்திரங்கள் பிறகு பழைய இரும்பாப் போச்சு. கல்லு அங்கைதான் கிடக்குது. 2022இல 50 கிலோ மூட்டை 3000 ரூபாயைத் தாண்டேக்க கட்டின அரைச்சுவரோட எத்தினை வீடு நிண்டது? டொலர் இல்லாத நாட்டில சீமெந்துக்குக் கப்பலைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது.

கிணற்றடி

வலிவடக்கான் அண்ணை, மூலப்பொருள் கணக்கு சரி. ஆனால் நீங்கள் கல் என்று சொல்வதை நான் கிணறு என்று சொல்லுவேன். இரண்டும் ஒரே பொருள். வலிகாமத்தில் ஆறு இல்லை, பெருங்குளமும் இல்லை. மாரி மழை செம்மண்ணால் இறங்கி அந்தச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. கீழே கடல்நீர், மேலே நன்னீர். இரண்டுக்கும் நடுவில் சுவர் ஒன்றும் கிடையாது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மிதக்கிறது, அவ்வளவுதான்.

நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். கல் வெட்டும் கிடங்கில் நீர் ஊறுகிறது, வேலை செய்ய பம்ப் போட்டு இறைக்கிறார்கள். நீர்மட்டம் கால் மீற்றர் இறங்கினால், காலப்போக்கில் உவர்நீர் 10 மீற்றர் ஏறும். வெங்காயம் உவரைத் தாங்காத பயிர். நீரின் கடத்துதிறன் சென்றிமீற்றருக்கு 800 மைக்ரோசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.

பழைய ஆலை விட்டுப்போன கிடங்குகள் இன்னும் திறந்து கிடக்கின்றன. மழைநீர் அதில் தேங்குவது நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். திறந்த நீரில் இருந்து ஒரு வருடத்தில் ஆவியாகும் அளவு இங்கே பெய்யும் மழையை விட அதிகம். செம்மண்ணும் கல்லும் மூடியிருந்தால் வெயில் அந்த நீரைத் தொடாது. மூடியைக் கழற்றிவிட்டால் நீர்மட்டம் வெளியே வந்து நிற்கும், வருடாவருடம் கழிவுக் கணக்குத்தான்.

கீரிமலைக் கேணி கடற்கரையோடு ஒட்டி ஊறுவதற்கும் இதே பொந்துக்கல்தான் காரணம். உள்நாட்டு நன்னீர் கடலுக்குப் போகும் வாசல் அது. உள்ளே அழுத்தம் குறைந்தால் முதலில் கரிக்கப்போவது அந்தக் கேணிதான்.

வலிவடக்கான்

நீர்மட்டத்துக்குக் கீழை வெட்டவேணும் எண்டு நான் சொல்லேல்லை. பழைய காலத்தில ஆழமா வெட்டினது பிழை, அதை ஒத்துக்கொள்ளுறன். இப்ப செய்யிற முறை வேறை. மாரி முடிவில நீர்மட்டம் ஆகக் கூட நிக்கேக்க அளந்து, அதுக்கு மேலை 2 மீற்றர் கல்லை விட்டிட்டு வெட்டவேணும். தெல்லிப்பழைப் பக்கம் நிலம் கொஞ்சம் உயரம், 5 மீற்றர் வெட்டலாம் எண்டு வையுங்கோ. பம்ப் தேவையில்லை. மேல் செம்மண்ணை முதலே வழிச்சு வேறையாக் குவிச்சு வைச்சு, வெட்டி முடிய அதையே திரும்பப் பரவினால் தோட்டம் செய்யலாம். நிலம் கொஞ்சம் பள்ளமா இருக்கும், அவ்வளவுதான்.

கிணற்றடி

5 மீற்றர் என்றே எடுப்போம். வருடம் 10 லட்சம் தொன் கிளிங்கருக்கு 12.5 லட்சம் தொன் கல். பொந்துக்கல், அடர்த்தி 2.3 என்று வைத்தால் 5 லட்சத்து 40 ஆயிரம் கன மீற்றர். 5 மீற்றர் ஆழத்துக்குப் பிரித்தால் 1 லட்சத்து 8 ஆயிரம் சதுர மீற்றர். எங்கள் கணக்கில் ஏறக்குறைய 427 பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்). ஒரு வருடத்துக்கு! 20 வருடம் ஓடினால் 8500 பரப்பு, 530 ஏக்கருக்கு மேல். 1990இல் போரால் ஊரை விட்டு எழும்பி, முகாம்களில் பிள்ளை பெற்று வளர்த்து, இராணுவத்திடம் இருந்து துண்டு துண்டாக விடுபடும் காணிக்காக இன்னும் காத்திருக்கும் சனத்தின் ஊர் அது. ஆழமாக வெட்டினால் தண்ணி போகும், மேலோட்டமாக வெட்டினால் காணி போகும். இதற்கு நடுவில் ஒரு வழி இருந்தால் காட்டுங்கோ.

வெடியைப் பற்றியும் ஒன்று. பொந்துக்கல்லில் துளை போட்டு அமோனியம் நைத்திரேற்றை ஊற்றினால் அது கண்ணுக்குத் தெரியாத பொந்துக்குள் போய் நிறையும். ஒரு துளையில் நிறைய வேண்டியதை விட இரண்டு மடங்கு இறங்கும், வெடித்தால் கல் பறக்கும். வெடிக்காத மிச்சம் கரைந்து நைத்திரேற்றாகத் தண்ணிக்குள் போகும். பசளையால் ஏற்கனவே நைத்திரேற்று ஏறின கிணறுகள் எங்களுடையவை.

வலிவடக்கான்

வெடிக்குத் தீர்வு இருக்கு. ஒவ்வொரு துளைக்கும் எந்த ஆழத்தில பொந்து பட்டது எண்டு எழுதிவைச்சு, அந்த இடத்தைக் கல்லுத்தூளால அடைச்சிட்டு மேலையும் கீழையும் பிரிச்சு மருந்து போடலாம். கரையிற மருந்தை விட்டிட்டு, உறையில வாற எமல்சன் பாவிக்கலாம். அதுவும் வேண்டாம் எண்டால் பல் உருளை பூட்டின இயந்திரத்தால வழிச்சு எடுக்கலாம், எங்கடை கல்லு அவ்வளவு வைரம் இல்லை.

காணிக் கணக்குக்கு இப்ப என்னட்டை மறுமொழி இல்லை. யோசிச்சு வாறன்.

கலங்கரை

இடையில் ஒரு திருத்தம். காங்கேசன்துறையைச் சீமெந்து ஆலை உருவாக்கியது போலக் கதை போகிறது. அது சரியில்லை. வெளிச்சவீடு கட்டப்பட்டது 1893இல், உயரம் 22 மீற்றர். 1902இல் காங்கேசன்துறையில் இருந்து சாவகச்சேரி வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தெற்கோடு பாதை இணைந்தது 1905இல். அதாவது கொழும்போடு தொடுப்பு வருமுன்பே இந்தத் துறையில் இருந்து ரயில் ஓடியது. 1956இல் யாழ்தேவி வந்தபோதும் வடபாதையின் கடைசி நிலையம் இதுதான். அதற்கும் முன்னால், மாவிட்டபுரத்துக்கு முருகன் விக்கிரகம் வந்திறங்கிய துறை என்றுதான் ஊருக்குப் பெயர். காங்கேயன் துறை.

ஆகவே அந்த ஊருக்கு அடித்தளம் துறை, அதற்கு மேல் கோவிலும் கேணியும், அதற்கும் மேல் ஆலை. கடைசியாக வந்த ஆலை 40 வருடம் இருந்தது. அந்த 40 வருடத்தில் அது ஊரின் முகத்தை மாற்றியது உண்மை. மாதச் சம்பளம், தொழிற்சங்கம், வேறு மாவட்டங்களில் இருந்து வேலைக்கு வந்த சனம், சிங்களமும் தமிழும் கலந்து கேட்ட கடைத்தெரு. யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் என்றால் கந்தோர் என்றிருந்த காலத்தில், மேலில் தூள் படிந்து உழைக்கும் தொழில்நுட்பத் தொழிலாளர் என்ற ஒரு வர்க்கம் அங்கேதான் உருவானது. அது ஆலை தந்த பெரிய கொடை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சோளகம்

தண்ணியும் காணியும் கதைச்சாச்சு, காத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. சோளகம், அதுதான் தென்மேல் காத்து, அடிக்கேக்க தூள் கடலுக்கும் மயிலிட்டிப் பக்கமும் போகும். வாடை பிறந்தால் நேர் எதிர்: கடலில இருந்து உள்ளுக்கு, கீரிமலை, மாவிட்டபுரம், இளவாலை எண்டு அப்பும். வாடைக்காலம்தான் பனியும் விழுற காலம். சூளைத்தூள் காரம் கூடினது. பனி ஈரத்தில இலையில பட்டால் காயேக்க ஓடு மாதிரி ஒட்டும், பிறகு மழைக்கும் கழுவுப்படாது. வெத்திலையும் புகையிலையும் இலைக்கு விலைபோற பயிர். மாம்பூவில பட்டால் காய் பிடிக்காது.

மின்சாரத் தூள்பிடி பூட்டினால் சரி எண்டு சொல்லுவினம். எரிபொருள் சரியா எரியாமல் காபனோரொக்சைட்டுக் கூடினால், வெடிச்சிடும் எண்ட பயத்தில அந்தத் தூள்பிடி தானாவே நிண்டிடும். நிக்கிற அந்த நிமிசங்களில சூளைத்தூள் முழுக்க வெளியில. சூளையை மூட்டேக்கையும் நிப்பாட்டேக்கையும்தான் இது கூட நடக்கும்.

இன்னொண்டு. இப்பத்தைய உலர்முறைச் சூளைக்கு முன்சூடாக்கும் கோபுரம் வேணும், 60 மீற்றருக்குக் குறையாது. பெரும்பாலும் 80, 100 எண்டு போகும். கிழக்கை சில கிலோமீற்றரில பலாலி ஓடுபாதை. 2019இல இருந்து அது சர்வதேச விமான நிலையம். பெரிய ஓடுபாதையைச் சுத்தி 4 கிலோமீற்றருக்குள்ள 45 மீற்றருக்கு மேலை கட்டிடம் எழும்பக்கூடாது எண்டது உலக விதி, அதுக்கு வெளியிலை உயரம் படிப்படியாத்தான் கூடும். 1950இல இந்தச் சிக்கல் இல்லை.

வலிவடக்கான்

தூளுக்கு: மின்சாரத் தூள்பிடியை விட்டிட்டுத் துணிப்பை வடி பூட்டவேணும். அது வாயுவைப் பாத்து நிக்காது. பொலியெஸ்டர்ப் பை 130 பாகைக்கு மேலை தாங்காது, கண்ணாடி நார்ப் பை 260 வரை தாங்கும். ஆனால் வாயு குளிர்ந்து நீர் வியர்த்தால் பை களியா அடைபடும், அதையும் பாக்கவேணும். கவனமா ஓட்டினால் வெள்ளையா ஒரு தூளும் வெளியில வராது.

கோபுரம் பற்றிச் சோளகம் சொன்னது எனக்குப் புதுசு. கோபுரம் இல்லாமல் பழைய நீள ஈரமுறைச் சூளை போடலாம்தான். ஆனால் ஒரு தொன் கிளிங்கருக்கு உலர்முறையில 3.3 கிகாயூல் அளவு வெப்பம் காணும், ஈரமுறையில 5, 6 வேணும். சேறாக் கரைச்ச தண்ணியை ஆவியாக்கத்தான் அந்த மிச்சம் போகுது. நிலக்கரியும் இறக்குமதி. அப்படிப் பாத்தால் நான் சொன்ன டொலர் நியாயமே உடையுது.

இன்னொண்டையும் நானே சொல்லிவிடுறன், ஆரும் பிறகு சொல்லாமல். கடற்கரை ஓரக் கல்லில குளோரைட்டு ஊறியிருக்கும். அது சூளைக்குள்ள ஆவியாகி, முன்சூடாக்கியில குளிர்ந்து படிஞ்சு, குழாயை அடைக்கும். அடைப்பை உடைக்க ஆலையை நிப்பாட்டவேணும். கரையை விட்டு உள்ளுக்குப் போய்க் கல்லு எடுத்தால் அது குறையும். உள்ளுக்குப் போனால் தோட்டமும் வீடும்.

அரைவை

சூளையை விடுங்கோ, ஆலையை விடவேண்டாம். சூளை வேறு, ஆலை வேறு. காலியில் இருந்த அரசாங்கச் சீமெந்து ஆலைக்குச் சூளையே கிடையாது. கிளிங்கர் காங்கேசன்துறையில் இருந்து போனது, அங்கே அரைத்து மூட்டை கட்டினார்கள். அதே வேலையை இப்போது நாங்கள் செய்யலாம். எதிர்க்கரையில் அரியலூர்ப் பக்கம் முழுக்கச் சீமெந்து ஆலை, காரைக்கால் துறைமுகம் கிட்ட.

வருடம் 3 லட்சம் தொன் சீமெந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொன் அரைக்க 40 அலகு மின்சாரம், அப்படியென்றால் வருடம் 1 கோடி 20 லட்சம் அலகு. ஓட்டம் 7000 மணித்தியாலம் என்றால் 1.7 மெகாவாற் சுமை. ஜிப்சம் 3 தொடக்கம் 5 வீதம். அது இல்லாவிட்டால் சாந்து குழைத்த கையோடு இறுகிவிடும். சுண்ணக்கல் தூள் 10 வீதம் சேர்க்க அனுமதிக்கும் சீமெந்து வகை இருக்கிறது. அதற்கு வருடம் 30 ஆயிரம் தொன் கல் காணும். கிணற்றடி சொன்ன 12.5 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கிடங்குகளின் கரையைச் சரிவாகச் சீர்செய்யும்போது வரும் கல்லே பல வருடத்துக்குப் போதும்.

கோபுரம் தேவையில்லை, சிலோ (சீமெந்து சேமிக்கும் உருளைத் தொட்டி) 45 மீற்றருக்குள் அடங்கும். தூள் உண்டு, ஆனால் அது குளிர்ந்த தூள், சாதாரணப் பையில் பிடிபடும். கப்பலில் இருந்து வாளியால் இறக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். வாளியைத் தொட்டிக்குள் இறக்கித் திறக்க வேண்டும், மேலே நின்று கொட்டக்கூடாது.

கலங்கரை

அரைவை சொல்வது நல்ல வழி. ஆனால் துறைமுகத்தைத் தெரிந்து கொண்டு சொல்ல வேண்டும். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். 30, 40 ஆயிரம் தொன் கப்பல் காங்கேசன்துறைக்கு வராது. 5000 தொன் அளவுக் கப்பல்தான் என்று வையுங்கள். 2 லட்சத்து 60 ஆயிரம் தொன் கிளிங்கருக்கு 52 நடை.

அடுத்தது பருவம். துறைமுகம் வடகரையில் இருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக்கு அது நேரே முகம் கொடுக்கிறது. நாகபட்டினத்தோடு 2023 அக்ரோபர் 14இல் தொடங்கிய பயணிகள் கப்பல் சில நாளில் நின்றதற்கும், 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கி மாரியில் மறுபடி நின்றதற்கும் இந்தக் கடல் ஒரு காரணம். சரக்குக் கப்பல் கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனால் கட்டி நின்று வாளியால் இறக்க முடியாது. ஆகவே 3 மாதத்துக்குக் காணும் கிளிங்கரை முதலே குவித்து வைக்க வேண்டும். 65 ஆயிரம் தொன், 46 ஆயிரம் கன மீற்றர், சராசரி 8 மீற்றர் உயரக் குவியல் என்றால் 23 பரப்புக் கூரை. கூரை இல்லாமல் மாரி மழையில் விட்டால் கிளிங்கர் மேலோட்டமாக இறுகி, அரைத்தபின் வலு குறையும். இதைச் செய்யாத ஆலை மார்கழியில் மூட்டைக்கு விலையேற்றித்தான் பிழைக்கும்.

மூழ்கிக் கிடந்த கப்பல் சிதைவுகளை இந்திய உதவியோடு எடுத்தாயிற்று. அலைத்தடுப்பும் ஆழமும்தான் மிச்சம்.

சோளகம்

மயிலிட்டியை மறந்துபோட்டுக் கப்பல் கணக்குப் போடவேண்டாம். 2017இல விடுபட்ட மீன்பிடித் துறைமுகம் அது, பக்கத்திலதான். வருசம் 52 கப்பல், போக 52 வர 52. கரைவலையும் சிறுவள்ளமும் நிக்கிற இடத்தால பாதை போட்டால் வலை அறும். நேரமும் தடமும் முதலே கடற்றொழிலாளர் சங்கங்களோட இருந்து எழுதிக் கையெழுத்து வைக்கவேணும்.

வலிவடக்கான்

அரைவை ஆலைக்கு எத்தினை பேர் வேலை? சூளையும் கல்லும் களியும் எண்டால் நூற்றுக்கணக்கு. அரைக்கிறதுக்கும் மூட்டை கட்டுறதுக்கும் சில பத்துப் பேர் காணும், மிச்சம் பொத்தான். கலங்கரை சொன்ன அந்தத் தொழிலாளர் வர்க்கம் உதால வராது. கிளிங்கரும் டொலருக்குத்தான் வரும். ஆனால் காணிக் கணக்குக்கு இன்னும் என்னட்டை மறுமொழி இல்லை, கோபுரத்துக்கும் இல்லை. அதாலை இப்ப இப்படிக் கேக்கிறன்: அரைவை ஆலையோட சேர்த்துக் கொங்கிறீற்றுக் குழாய், தூண், ஓட்டைக்கல்லு, தண்டவாளக் கட்டை வார்க்கிற பட்டறைகள் வலயத்துக்குள்ள வந்தால் ஆள் வேலை கூடுமோ? சீமெந்தை மூட்டையா அனுப்பாமல் பொருளா அனுப்பினால்?

அரைவை

கூடும். ஆனால் கடல் மண்ணைத் தொடக்கூடாது. உப்பு மண்ணில் வார்த்த தூணுக்குள் கம்பி சில வருடத்தில் துருப்பிடித்துப் பிளக்கும். கழுவினாலும் நன்னீர் வேண்டும், அது திரும்பக் கிணற்றடியிடம் போய் நிற்கும்.

கிணற்றடி

அரைவை ஆலைக்கு நான் எதிர்ப்பு இல்லை. பட்டறைக்கும் இல்லை, மழைநீர்த் தொட்டி கட்டினால். ஆனால் எந்தக் கட்டிடத்துக்கும் கல்லு நடுமுன் பழைய கிடங்குகளை அளக்க வேண்டும். பெரிய செலவில்லை. கடத்துதிறன் மானியை நூலில் கட்டி, கிடங்கிலும் சுற்றி 1 கிலோமீற்றருக்குள் இருக்கும் கிணறுகளிலும் ஒவ்வொரு மீற்றராக இறக்கி வாசிக்க வேண்டும். மேல்நீரை மட்டும் அள்ளிப் பார்த்தால் ஏமாந்து போவோம், உவர் அடியில்தான் நிற்கும். மாரி முடிந்து தை மாதம் ஒருமுறை, மழை தொடங்குமுன் புரட்டாதியில் ஒருமுறை. கரையோரக் கிணறுகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் வேறு வேறாக. கடல்நீர் 50 ஆயிரம் காட்டும். எந்த ஆழத்தில் வாசிப்பு திடீரென்று எகிறுகிறதோ அதுதான் எல்லை. அந்த எல்லை புரட்டாதியில் எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டு வருட வாசிப்பு கையில் இருந்தால், 30 ஆயிரம் தொன் கல்லை எந்தக் கிடங்கின் எந்தக் கரையில் எடுக்கலாம் என்று விரல் வைத்துக் காட்டலாம். கிடங்குகளுக்குள் குப்பை கொட்டி நிரப்பும் யோசனையோடு யாராவது வந்தால் அதை முதல் நாளே நிறுத்த வேண்டும். அந்தக் குப்பைத் தண்ணி நேரே எங்கள் துலாக்கொடிக்குத்தான் வரும்.

வலிவடக்கான்

தை வாசிப்புக்கு இப்பவே ஆயத்தம் செய்யவேணும். மாவிட்டபுரம், கீரிமலை, தையிட்டி மூண்டு பக்கமும் பக்கத்துக்கு நாலு கிணறு காணுமோ, இல்லை கூட வேணுமோ?

கிணற்றடி

நாலு காணும், அண்ணை. ஆனால் பம்ப் ஓடும் கிணறாக இருந்தால் இறைத்து 12 மணித்தியாலம் கழித்து அளக்க வேண்டும்.